படக்கதைகளுக்காக ஒரு வக்காலத்து

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். சென்ற ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை மாலை, படிப்பு நேரத்தில், எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் விரிந்து கிடந்த சமூக அறிவியல் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகம் இருந்தது. ஐந்து தலைகள் ஒரே பக்கத்தின்மேல் கவிழ்ந்திருந்தன. முதலாம் உலகப் போரின் காரணங்களை ஐந்து பெண்கள் கூடி இத்தனை ஆவலாகப் படிக்க மாட்டார்கள் என்பது எங்கள் வகுப்பாசிரியையாகிய சிஸ்டருக்குத் தெரியாதா? ஓசைப்படாமல் வந்து நின்றார்கள். கையை நீட்டினார்கள். நாங்கள் கொடுத்தோம்.

அட்டையில், உடம்பு இல்லாமல், ஓர் இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அது எங்களுள் ஒருத்தியின் அப்பாவுக்குச் சொந்தமான புத்தகம். அவர் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், பேருந்துக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, வெயிலில் நடந்தே பள்ளிக்குப் போய், அந்தக் காசில் வாங்கியது. நாற்பது ஆண்டுகளாகத் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தது. அவருக்குச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தோம்.

நாங்கள் அழுதோம். கெஞ்சினோம். சிஸ்டர் சொன்னார்கள்: "கெஞ்சினால் கிடைக்காது. இதைத் திருப்பித் தர நியாயம் உண்டு என்றால் எழுதிக் காட்டுங்கள். நன்றாக இருந்தால் ஆண்டு மலரிலேயே போடலாம்."

அன்புள்ள வாசகர்களே! ஆகவேதான் இந்தக் கட்டுரை. படக்கதை என்னும் குற்றவாளிக்காக நாங்கள் ஐவரும் வக்கீல்களாக நிற்கிறோம். நீங்களே நீதிபதிகள்.

முதலில், குற்றவாளியின் குலம் கோத்திரத்தைச் சொல்ல வேண்டாமா? தமிழ்ப் பிள்ளைகளின் கையில் படமும் கதையுமாகத் தவழ்ந்த பழைய இதழ்களில் ஒன்று அம்புலிமாமா. நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால், 1947 ஜூலையில், சென்னையில் பிறந்தது. நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் தொடங்கினார்கள். தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிப் பிறகு பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. எங்கள் பாட்டிமாரைக் கேட்டால், மாதம் பிறந்தவுடன் வாசலில் தபால்காரருக்காகக் காத்திருந்ததை இன்றும் சொல்லுவார்கள்.

அம்புலிமாமாவில் எல்லாரும் முதலில் திருப்பும் பக்கம் விக்கிரமாதித்தனும் வேதாளமும். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளைப் பிடித்து, சுடுகாட்டு வழியே நடக்கும் அந்த அரசனை வரைந்தவர் ஓவியர் சங்கர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்ற இவர் 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தார். அறுபது ஆண்டுகள் அந்த ஒரே நிறுவனத்துக்குப் படம் வரைந்தார். 2020 செப்டம்பரில் தமது 97-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருதை வாங்க அவர் இல்லை. அம்புலிமாமாவும் அதற்கு முன்பே நின்று போயிருந்தது.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தூணில் ஒரு சிற்பம், அரசியின் சேலைக் கரையில் ஒரு பூ, ஓரத்தில் வேடிக்கை பார்க்கும் ஒரு நாய். கதைக்கு வேண்டாத எத்தனையோ பொருள்கள் அந்தச் சிறிய படத்துக்குள் ஒழுங்காக அமர்ந்திருக்கும். அவசரமாக வரைந்தவர் நாயை வரைய மாட்டார். பிள்ளைகள்தானே பார்க்கப் போகிறார்கள் என்று அலட்சியம் செய்யாதவர்தான் நாயை வரைவார். இதுவே பழைய படக்கதைகளின் முதல் அழகு என்போம்.

அடுத்து, எங்களைக் காட்டிக் கொடுத்த இரும்புக்கை மாயாவி. இவர் பிறந்தது இங்கிலாந்தில். 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962-இல் தோன்றினார். எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்த உதவியாளர் ஒருவர், இரும்பினால் செய்த கையைப் பொருத்திக் கொள்கிறார். பிறகு ஒருநாள் மின்சாரம் பாய, உடல் முழுதும் மறைந்து போகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை! 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு இவரேதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பேர்போன ஊர், ஸ்பெயின்காரர் வரைந்த இங்கிலாந்துக் கதையைத் தமிழ் பேச வைத்தது. 1984-இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸும், அதே ஆண்டில் தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் வந்தன. எங்கள் அப்பாமார் சிறுவர்களாயிருந்த காலம் அது. பேருந்துக் காசுக்கு ஏன் பஞ்சம் வந்தது என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

இரும்புக்கை மாயாவியை எங்கள் அறிவியல் பாடத்தின் முன்னால் நிறுத்தினால் அவர் தேறமாட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவதில்லை, மாண்டு போவான். (கீழ்வகுப்புத் தங்கைகளே, யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) சட்டையும் காலணியும் மறையும்போது கை மட்டும் ஏன் மறையவில்லை? அதை விடுங்கள். நாம் ஒரு பொருளைக் காண்பது, ஒளி நமது விழித்திரையில் விழுந்து அங்கே பிம்பமாவதால். மாயாவியின் விழித்திரையும் ஒளியைத் தடுக்காமல் விட்டுவிட்டால், அங்கே பிம்பம் விழுவது எப்படி? மறைந்த மாயாவி குருடராகத்தான் நடமாட வேண்டும்! இந்தக் கேள்வி எங்களுக்கு ஒளியியல் பாடம் நடக்கும்போது தோன்றவில்லை. படக்கதையைப் படிக்கும்போதுதான் தோன்றியது. பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து விழித்திரையின் படத்தைப் பார்த்தோம். சிஸ்டர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். எந்தப் புத்தகம் எந்தப் புத்தகத்துக்குள் இருந்தது என்று இனி எப்படிச் சொல்லுவது?

பழைய படக்கதைகளின் வினோதங்கள் இத்தோடு முடியவில்லை. அமெரிக்கர் லீ ஃபாக் 1936-இல் படைத்த ஃபாண்டம் என்ற முகமூடி வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-இல் அமெரிக்காவில் ஞாயிறு வண்ணப் பக்கங்கள் தொடங்கியபோது அவர் உடை ஊதா நிறம். சுவீடன் நாட்டில் அதே வீரருக்கு நீல உடை. இத்தாலியில் சிவப்பு! ஆள் ஒருவர்தான், அச்சகத்தார் ஊற்றிய மைதான் வேறு. நம் நாட்டில் 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் இவரை வெளியிட்டபோது, 'பங்கல்லா' என்ற அவருடைய நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுகிறதே என்று கருதினார்களோ என்னவோ, 'டென்காலி' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு நாட்டையே பெயர் மாற்றுவதற்கு ஒரு பதிப்பாசிரியரின் பேனா போதுமாயிருந்தது!

தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு இன்னொரு வினோதம். நாளொன்றுக்கு மூன்று நான்கு கட்டங்கள்தாம். பகுதிகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. மந்திரவாதி உருவத்தைச் சிறியதாக்கிவிட்ட இளவரசி லைலாவைச் சுமந்துகொண்டு சிந்துபாத் நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். தாத்தா படித்த கதையைப் பேத்தியும் படிக்கிறாள், சிந்துபாத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை. முடியாத பேச்சை எல்லாம் கன்னித்தீவு என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் வந்துவிட்டது. ஒரு படக்கதை மொழிக்கே ஒரு சொல்லைக் கொடுத்தது சிறிய காரியமா?

மொழி என்றதும் ஒரு வழக்கு எழும். "காமிக்ஸ் படித்தால் தமிழ் கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் பணிவோடு மறுக்கிறோம். துப்பாக்கி 'டுமீல்' என்கிறது. கதவு 'படார்' என்கிறது. குதிரைகள் 'தடதட'வென்று ஓடுகின்றன. பாம்பு 'சரசர'வென்று ஊர்கிறது. இவற்றுள் பிரித்தால் பொருள் தராத இரட்டைகளுக்கு இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று பெயர். எங்கள் தமிழம்மா இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது, வகுப்பில் முந்திக்கொண்டு ஆறு சொற்கள் சொன்னவர்கள் கடைசி வரிசைக்காரர்களே. எங்கே கற்றோம் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டோம்.

இங்கே ஓர் உண்மையை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம்மில் பலருக்குத் தமிழ் என்பது தேர்வுக்கு முந்திய இரவில் வரும் காய்ச்சல். எங்களுள் ஒருத்திக்கு ஒரு தம்பி. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகளை மூடினார்களே, அந்த ஆண்டு அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சிறு வகுப்புகள் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாள். ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்றைப் பள்ளிக் கட்டடத்துக்குள் அவன் பார்க்கவே இல்லை. கைப்பேசியில் பாடம் நடந்தது. அவன் 'ம்யூட்' போட்டுவிட்டுத் தூங்குவான். உயிரெழுத்துகள் தெரியும்; சேர்த்து வாசிக்க வராது. அம்மா அடித்துப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் அப்பா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த அம்புலிமாமாவை அவனிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவன் படங்களைப் பார்த்தான். மரத்தில் தலைகீழாக ஏன் ஒன்று தொங்குகிறது? அது ராஜாவிடம் என்ன சொல்லுகிறது? அக்காவைக் கேட்டான். அக்காவுக்கு ஆன்லைன் வகுப்பு. அம்மாவைக் கேட்டான். அம்மாவுக்கு அடுப்பு. வேறு வழியில்லாமல் தானே விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். 'வே... தா... ளம்.' அந்தச் சொல்லை வாசித்ததும் எழுந்து வீடெல்லாம் ஓடி எல்லாரிடமும் சொன்னானாம். இரண்டே மாதத்தில் படத்துக்குக் கீழே உள்ள வரிகளை வாசித்தான். நான்கு மாதத்தில் படமில்லாத பக்கத்தையும் வாசித்தான். இப்போது ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கச் சிறுவர்களைக் கூப்பிட்டால் முதலில் கை தூக்குகிறவன் அவன்தான். எங்கள் வக்காலத்தில் இதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

படம் காட்டிக் கதை சொல்லுவது கீழான வழி என்று யாரேனும் எண்ணினால், அவர்களை நமது கோவிலுக்கே அழைத்துப் போவோம். இரு பக்கச் சுவர்களிலும் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே ஒரு வரி. முதல் நிலையில் தொடங்கி முறையாக நடந்தால் கதை தானாக விரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கொள்ளுப்பாட்டிமார் ஆண்டவரின் பாடுகளை அந்தப் படங்களின் முன்னே முழந்தாளிட்டே கற்றார்கள். அதனால் அவர்களுடைய பக்தி குறைந்து போயிற்றா?

இனி எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வக்கீல் பொய் சொன்னால் வழக்குத் தோற்கும்.

முதலாவது, பழைய படக்கதைகளில் பெண்கள் எங்கே? இளவரசி கடத்தப்படுவாள், கதாநாயகன் மீட்பான், அவள் நன்றி சொல்லுவாள். பெரும்பாலான கதைகளில் எங்களுக்குக் கிடைத்த வேலை 'ஆ! காப்பாற்றுங்கள்!' என்று கூவுவது மட்டுமே. லயன் காமிக்ஸ் 1984-இல் தனது முதல் இதழில் மாடஸ்டி என்ற பெண்ணையே நாயகியாக்கியது என்பதைச் சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அமர் சித்திரக் கதையிலே ஜான்சி ராணி குதிரை ஏறினாள் என்றும் சொல்லலாம். ஆனாலும் கணக்குப் பார்த்தால் நாங்கள் சிறுபான்மையே.

இரண்டாவது, அதைவிடக் கனமானது. ஃபாண்டம் கதைகளில் காட்டுவாசிகள் எல்லாம் கறுப்பர்கள். அவர்களைக் காக்க வெள்ளைக்காரர் ஒருவர் தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார். சிறு வயதில் படித்தபோது எங்களுக்கு இது உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது. நம்மைப் போன்ற நிறமுடையவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி எழுகிறது. இந்தக் குறையை நாங்கள் மூடி மறைக்கவில்லை.

மூன்றாவது, புகை, மது, துப்பாக்கி. உண்மைதான். ஆனால் ஒரு படக்கதை திருந்தியதும் உண்டு. பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த லக்கி லூக் என்னும் குதிரைவீரன், நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன், பல ஆண்டுகள் உதட்டில் சிகரெட்டோடு திரிந்தான். 1983-இல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டி விருது அளித்தது. இத்தனை எளிதாகச் சிகரெட்டை விட்ட ஆண்மகன் எங்கள் உறவினர்களில் ஒருவரும் இல்லை.

குறைகள் இருப்பதால் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1948 டிசம்பரில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்ற ஊரில், ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் காமிக்ஸ் புத்தகங்களைச் சேர்த்து வந்து பள்ளி முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அதன் புகைப்படத்தைப் பார்த்தோம். எங்கள் வயதுப் பிள்ளைகள் தீயைச் சுற்றி நிற்கிறார்கள். 1954-இல் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சிறுவர்களைக் கெடுப்பவை காமிக்ஸ் புத்தகங்களே என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் சபையே விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை எழுதிக்கொண்டார்கள். பல இதழ்கள் மடிந்தன. பிற்காலத்தில் அந்த மருத்துவரின் குறிப்பேடுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இலினாய் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கேரல் டில்லி அவற்றைப் படித்துப் பார்த்து, பிள்ளைகள் சொன்னவற்றை அவர் பல இடங்களில் திரித்தும் மாற்றியும் எழுதியிருக்கிறார் என்று 2012-இல் வெளிப்படுத்தினார். கொளுத்திய புத்தகங்கள் திரும்பி வருமா?

அதே நாட்டில், அதே திருச்சபைக்குள், வேறொரு வழியையும் சிலர் கண்டார்கள் என்பதை அறிந்தபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1946 முதல் 1972 வரை 'ட்ரெஷர் செஸ்ட்', அதாவது புதையல் பெட்டி, என்ற காமிக்ஸ் இதழ் அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. கெட்ட படக்கதைக்கு மாற்று தீ அல்ல, நல்ல படக்கதைதான் என்று அதை நடத்தியவர்கள் நம்பினார்கள்.

அதில் 1964-இல் ஒரு தொடர்கதை வந்தது. எழுதியவர் பெரி ரீஸ். வரைந்தவர் ஜோ சின்னாட். பெட்டிக்ரு என்பவர் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வேட்பாளராவதற்குப் பாடுபடுகிறார். அவர் நேர்மையானவர், துணிந்தவர், போரில் தோழர்களைக் காத்தவர். ஆனால் அவர் முகம் மட்டும் எந்தக் கட்டத்திலும் தெரியாது! முதுகு தெரியும், ஒலிபெருக்கி மறைக்கும், கூட்டத்தில் யாரோ ஒருவரின் தொப்பி மறைக்கும். பிள்ளைகள் இதழுக்கு இதழ் அவரை நேசிக்கத் தொடங்கினார்கள். கடைசிப் பகுதியின் முடிவில் அவர் திரும்புகிறார். அவர் ஒரு கறுப்பர்.

1964 என்றால் எந்த ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பர்களைப் பொது இடங்களில் விலக்கி வைக்கக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் செய்ததே அந்த ஆண்டில்தான். ஒரு கறுப்பர் உண்மையிலேயே அந்நாட்டு ஜனாதிபதியாக இன்னும் 44 ஆண்டுகள் கழித்து, 2008-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பிரசங்கம் செய்ய முடியாததை, ஒரு கட்டுரை செய்ய முடியாததை (எங்கள் கட்டுரையையும் சேர்த்துத்தான்), அந்தப் படக்கதை செய்தது. நிறத்தைப் பார்க்கும் முன்பே மனிதனை நேசிக்கும்படி பிள்ளைகளைப் பழக்கியது. எழுத்தில் மட்டும் சொல்லியிருந்தால் நிறத்தைச் சொல்லாமல் விடுவது எளிது. படத்தில் மறைத்து வைப்பதற்குத்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும். மேலே ஃபாண்டம் கதையில் கண்ட நோய்க்கு மருந்தும் படக்கதையின் உள்ளேயே இருந்தது என்பது எங்கள் வாதம்.

நம் நாட்டிலும் அப்படி எண்ணிய ஒருவர் இருந்தார். அனந்த் பை அவர்கள் 1967-இல் டில்லியில் தொலைக்காட்சியில் நடந்த ஒரு வினாடி வினாவைப் பார்த்தார். கிரேக்க தேவர்களைப் பற்றிய கேள்விக்கு விடை சொன்ன பிள்ளைகளுக்கு இராமனின் தாய் யார் என்று தெரியவில்லை. அவர் பிள்ளைகளைத் திட்டிக் கட்டுரை எழுதவில்லை. அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். 1980-இல் அவர் தொடங்கிய 'டிங்கிள்' இதழிலே வரும் சுப்பாண்டியை அறியாதவர் உண்டோ? 1983-இல் திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்தே அந்த அப்பாவி வேலைக்காரன் பிறந்தான். நம்மூர்த் திண்ணைக் கதை ஒன்று இந்தியா முழுதும் சிரிக்க வைத்தது. படக்கதை படித்தவர்தாம் அதை எழுதியும் அனுப்பினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்று எங்கள் வயதினருக்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் ஓடுகின்றன. பழைய படக்கதையில் அப்படி இல்லை. படம் நின்றுகொண்டிருக்கும், ஓடுவது நம் மனம்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டுக்குள் நடப்பதை ஓவியர் வரையவில்லை. ஓங்கிய கை ஒரு கட்டத்தில். விழுந்து கிடக்கும் ஆள் அடுத்த கட்டத்தில். அடி விழுந்ததை நாமே கற்பனை செய்கிறோம். கடைசியில் 'தொடரும்' என்று போட்டுவிட்டால் ஒரு மாதம் முழுதும் நாமே ஓவியர், நாமே ஆசிரியர். பொறுமை என்னும் புண்ணியத்தை எங்கள் பெற்றோருக்குக் கற்பித்ததில் அந்த ஒரு சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. எங்களுக்கு அது இன்னும் சரியாக வாய்க்கவில்லை.

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நாங்கள் வைக்கும் விண்ணப்பங்கள் மூன்றே.

ஒன்று: நமது நூலகத்தின் மூலை அலமாரியில் கயிறு கட்டிக் கிடக்கும் பழைய சிறுவர் இதழ்களை இந்த ஆண்டு பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம். அவை எடைக்குப் போனால் கிடைப்பது சில நூறு ரூபாய். நின்றுபோன இதழ்களை மறுபடி எந்தக் கடையில் வாங்குவது? நாங்களே தூசி தட்டி, கிழிந்ததை ஒட்டி, வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இரண்டு: வாரத்தில் ஒரு நூலக நேரத்திலாவது, ஆறாம் ஏழாம் வகுப்புத் தங்கைகள் அவற்றை ஒளிக்காமல் படிக்க அனுமதி வேண்டும். ஒளித்துப் படிப்பதில்தான் தவறு நேர்கிறது. மேசைமேல் வைத்துப் படித்தால், இந்தக் காட்டுவாசியை ஏன் இப்படி வரைந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் ஓர் ஆசிரியை இருப்பார்கள்.

மூன்று: பெற்றோர்களே! உங்கள் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தால் தயவுசெய்து இறக்குங்கள். எங்களோடு அமர்ந்து படியுங்கள். நீங்கள் எந்தப் பக்கத்தில் பயந்தீர்கள், எந்தப் பக்கத்தில் சிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். உங்களுடைய பதினைந்து வயதை எங்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல புகைப்படம் கிடையாது.

மாணவிகளாகிய எங்களுக்கும் ஒரு நிபந்தனை விதித்துக்கொள்ளுகிறோம். படிப்பு நேரத்தில் இனிப் பாடப் புத்தகத்துக்குள் பாடப் புத்தகம் மட்டுமே இருக்கும். அன்று நாங்கள் செய்தது பிழை. படக்கதை செய்த பிழை அல்ல.

கடைசியாக ஒரு செய்தி. இந்த மலர் வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுமே என்று பயந்து, போன வாரம் அவரிடம் நாங்களே போய் உண்மையைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிஸ்டர் படித்தார்களாமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்கு விடை தெரியவில்லை. ஆனால் நேற்றுக் கட்டுரையின் நகலைக் கொடுக்கச் சென்றபோது ஒன்றைக் கண்டோம். இழுப்பறைக்குள் இருந்த இரும்புக்கை மாயாவி மேசைக்கு மேலே வந்திருந்தார். நடுப்பக்கத்துக்குச் சற்று அப்பால், அடையாளத்துக்காக, குழந்தை தெரசம்மாளின் சிறிய படம் ஒன்று செருகியிருந்தது.

சிஸ்டர், அவசரம் ஒன்றும் இல்லை. முடித்துவிட்டே கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி வரிசை மாணவியர் ஐவருக்காக, அவர்களுள் ஒருத்தி